ரோல் முடிகிறவரை

போன மாதம் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் ஓர் இளம் தம்பதி. கைக்குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருக்க, அந்தப் பெண் போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். எல்லாம் அதே குழந்தைதான். குளிக்கிற குழந்தை, கொட்டாவி விடுகிற குழந்தை, தூங்குகிற குழந்தை, அதே தூக்கத்தில் இன்னும் ஏழெட்டு. போனில் இடமில்லையாம். பாதியை அழித்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தான் கணவன். அவளும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தாள். அடுத்தவர் போனை எட்டிப் பார்ப்பது தப்புதான். என் வயதில் தூரத்தில் இருப்பதுதான் நன்றாகத் தெரிகிறது, அதற்கு நான் என்ன செய்ய? பாதி வழி வருவதற்குள் நூறு படமாவது போயிருக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நானும் ஒரு காலத்தில் படம் எடுக்கிறவனாக இருந்தேன். சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. அவர்களுடைய கல்யாணத்தில் என் கையில் கேமராவைக் கொடுத்துப் பார்த்தார்கள், நான் வாங்கவில்லை. அப்பாவுக்கு இதெல்லாம் வராது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி. அரியலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்டாக இருந்தேன். தற்காலிகம் என்றால் எவ்வளவு தற்காலிகம் என்பது எனக்கும் தெரியாது, எனக்கு மேலே இருந்தவர்களுக்கும் தெரியாது. சில மாதங்களில் சம்பளம் வரும், சில மாதங்களில் சம்பளம் வரும் என்ற பேச்சு மட்டும் வரும். மனு கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேரை, போட்டோ ஒட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புவதைத் தினமும் பார்ப்பேன். டவுனில் எனக்குத் தெரிந்து ஸ்டுடியோ ஒன்றுதான். ஒரு கேமரா மட்டும் கையில் இருந்தால் ஆபீஸ் வாசலிலேயே பிழைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. அந்த வயதில் இப்படி வாரத்துக்கு ஒரு யோசனை தோன்றும். மற்றவை எல்லாம் நல்லவேளையாக முதல் போட வழியில்லாமல் செத்துப்போயின. இது மட்டும் பிழைத்துக்கொண்டது.

சிங்கப்பூரிலிருந்து திரும்பியிருந்த ஒருவரிடம் ஒரு பெட்டிக் கேமரா இருந்தது. தோலுறை கிழிந்து, பாச்சை உருண்டை வாசம் அடித்தது. என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து, மேலே கொஞ்சம் போட்டு வாங்கினேன். அன்றிலிருந்து யாராவது மணி கேட்டால் வெயிலைப் பார்த்துச் சொல்லுகிற நிலைமை. ஆனால் அந்த உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைவீதியில் நடந்தபோது எனக்கு வந்த மிடுக்கு இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அந்தக் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பிலிம் ஒரு சுருள், நாங்கள் ரோல் என்போம். ஒரு ரோலில் பன்னிரண்டு படம். பெட்டியின் முதுகில் காசு அளவுக்கு ஒரு சிவப்புக் கண்ணாடி. அதில் எத்தனையாவது படம் என்று எண் தெரியும். பன்னிரண்டும் முடிந்த பிறகுதான் ரோலை வெளியே எடுத்துக் கழுவ முடியும். நடுவில் திறந்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் பாழ். ஒரு ரோலின் விலை என் ஒரு வாரச் சாப்பாடு. அதனால் ஒருவர் படம் எடுத்துக்கொண்டால், இன்னும் பதினோரு பேர் வந்து நிற்கிறவரை அவர் காத்திருக்கவேண்டும். 'ரோல் முடியணும்ங்க' என்பதுதான் அந்த நாட்களில் நான் அதிகம் சொன்ன வாக்கியம்.

மனு கொடுக்க வந்தவர்கள் யாரும் என்னிடம் நிற்கவில்லை. வயதான பெண்கள் பெட்டியைக் கண்டதுமே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று அப்போது நம்பினார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள், ஸ்டுடியோவில் நாற்காலியும் திரையும் இருக்கிறது, இவனிடம் என்ன இருக்கிறது என்று அங்கே போய்விட்டார்கள்.

ஸ்டுடியோக்காரர் ஒரு பாய். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், எப்போதும் கொஞ்சம் சிடுசிடுப்பு. என் ரோலை அவரிடம்தான் கழுவக் கொடுக்கவேண்டும், புது ரோலும் அவரிடம்தான் வாங்கவேண்டும். போட்டிக்கு வந்தவன் என்று விரட்டவில்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, சாவு வீட்டுப் படத்துக்கு ஆள் வந்தால் உன்னிடம் அனுப்புகிறேன், மய்யத்தைப் படம் எடுக்கிற வேலை எனக்கு வேண்டாம் என்றார். அப்படித்தான் என் தொழில் ஓடத் தொடங்கியது.

உங்களில் சிலருக்கு இது விசித்திரமாக இருக்கலாம். அந்த நாளில் பல குடும்பங்களில் ஒருவருக்கு ஆயுளில் ஒரு படம்தான், அதுவும் செத்த பிறகு. குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்து, தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, சரியாமல் இருக்க மார்போடு ஒரு கட்டுப் போட்டு, மேலே மாலை. சுற்றிலும் பிள்ளைகளும் பேரன்களும் நிற்பார்கள். யாராவது ஆடினால் படம் கலைந்துவிடும். அதனால் நான் கையைத் தூக்கினால் எல்லோரும் அழுகையை நிறுத்துவார்கள். 'தக்' என்று சத்தம் கேட்டதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பார்கள். முதலில் சிரிப்பை அடக்கப் பாடுபட்டேன், பிறகு பழகிவிட்டது. கீழப்பழுவூர்ப் பக்கம் ஒரு சாவு, வாலிகண்டபுரத்துப் பக்கம் ஒரு சாவு என்று வாடகைச் சைக்கிளில் அலைந்தேன். பிணம் விழுந்தால்தான் ரோல் நகரும். ஒருவருடைய படம் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர இன்னும் சிலர் சாகவேண்டியிருந்தது. இப்போது எழுதும்போது உறைக்கிறது, அப்போது உறைக்கவில்லை.

இன்னொரு பழக்கமும் எனக்கு இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் என்னை எடு, என்னை எடு என்று பிள்ளைகள் மொய்க்கும். பிலிமை நகர்த்தாமல், லென்சை விரலால் மறைத்துக்கொண்டு விசையை மட்டும் தட்டினால் அதே சத்தம் வரும். பிள்ளைகளுக்குச் சந்தோஷம், எனக்குச் செலவில்லை. கேமராவில் பிலிம் இல்லாத நாளில்கூட இப்படித் தட்டியிருக்கிறேன். இதை ஒரு சாமர்த்தியமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது கடலை பிடுங்குகிற நாள். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் முருகேசன் என்று ஒருவன் சைக்கிளில் வியர்த்து விறுவிறுக்க ஆபீஸ் வாசலுக்கு வந்தான். அவன் அக்கா அஞ்சலையின் குழந்தை காலையில் வயிற்றுப்போக்கில் போய்விட்டது. ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. அடக்கம் செய்ய எல்லோரும் காத்திருக்கிறார்கள், படம் எடுக்காமல் தூக்க விடமாட்டேன் என்கிறாள் அக்கா. அவன் என்னை வா என்றுகூடச் சொல்லவில்லை. என் சட்டைப் பையில் ஒரு நோட்டைச் செருகிவிட்டு சைக்கிளைத் திருப்பி நிறுத்தினான்.

என் கேமராவில் பிலிம் இல்லை. முந்தின நாள்தான் பன்னிரண்டாவது படத்தை எடுத்து ரோலைக் கழுவக் கொடுத்திருந்தேன். புது ரோல் வாங்கச் சம்பளம் வரவேண்டும். முருகேசன் கொடுத்த பணத்தோடு கெஞ்சி ஒரு ரோல் வாங்கிவிடலாம் என்று ஸ்டுடியோவுக்குப் போனால் பூட்டிக்கிடந்தது. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். காத்திருக்கலாமா என்றேன். வெயிலில் குழந்தை தாங்காது சார் என்றான் முருகேசன். அங்கே போய்ப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கேரியரில் ஏறி உட்கார்ந்தேன். பணத்தை ஏன் அப்போதே திருப்பிக் கொடுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். காலையிலிருந்து நான் சாப்பிட்டிருக்கவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

கீழப்பழுவூர்ச் சாலையில் கொஞ்ச தூரம் போய், பிரிந்து உள்ளே போகவேண்டும். முப்பது நாற்பது கூரை வீடுகள். எல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்க்கிறவர்கள். காட்டில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக்கல் துருத்திக்கொண்டு நிற்கும், அதற்கு நடுவே கடலை. பெண்கள் வேலையிலிருந்து பாதியில் வந்திருந்தார்கள், கைகளில் கடலைக்கொடியின் பச்சை வாசம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு, அதுவும் பெண் குழந்தைக்கு, படம் எதற்கு என்று ஓரமாக யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது.

அஞ்சலை வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. மடியில் இருந்த குழந்தைக்கு யாரோ கொடுத்த ஒரு மஞ்சள் கவுன் போட்டிருந்தது. உங்களிடம் தனியாக ஒன்று சொல்லவேண்டும் என்று ஆரம்பித்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இதுக்கு முந்தி ரெண்டு போயிருச்சுங்க. அதுங்க மொகம் எனக்கு மறந்துபோச்சு. எவ்வளவு நெனச்சாலும் வரமாட்டேங்குது. இதாவது இருக்கட்டும் சார்."

அதற்குப் பிறகு நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுற்றிலும் ஐம்பது பேர். குழி வெட்டப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து நின்றார்கள். நான் பெட்டியைத் தூக்கிக் கண்ணில் வைத்தேன். கையைத் தூக்கினேன். எல்லோரும் அழுகையை நிறுத்தினார்கள். தட்டினேன். தக். அவள் குழந்தையை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்து, சரியா விழுந்திச்சா என்று கேட்டாள். விழுந்தது என்றேன்.

குழந்தையை ஓடைக்கரையில் புதைத்துவிட்டு வந்தார்கள். படம் எப்போது வரும் என்று முருகேசன் கேட்டபோது என் வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது, ரோல் முடியணும்ங்க.

வெளிச்சம் பட்டுப் படம் கெட்டுவிட்டது என்று பிறகு சொல்லிவிடலாம், இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்திருந்தேன். அடுத்த சந்தை நாளில் அவள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். அதற்குள் புது ரோல் போட்டிருந்தேன், நாலு படம் எடுத்திருந்தேன். இன்னும் எட்டு இருக்கிறது என்றேன். கணக்கு மட்டும் உண்மை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காட்டுங்க என்றாள். முதுகுப்புறச் சிவப்புக் கண்ணாடியைக் காட்டினேன். அந்தச் சிவப்புக்குள் அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேமராவை விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குள் யார் யாரோ இருந்தார்கள். அவளுடைய குழந்தை மட்டும் இல்லை.

சந்தைக்குச் சந்தை வந்தாள். தலையில் முருங்கைக்கீரையோ கொத்தவரங்காயோ ஒரு கூடை இருக்கும். விற்றுவிட்டு வந்து, வேப்பமரத்தடியில் நான் டீ குடிக்க வருகிறவரை உட்கார்ந்திருப்பாள். எண்ணைக் கேட்பாள், கண்ணாடியைப் பார்ப்பாள், போய்விடுவாள். அவள் உனக்கு என்னய்யா சொந்தம் என்று ஆபீசில் கேலி பேசினார்கள். நான் பின்கதவு வழியாக நழுவிய நாட்களும் உண்டு. மழைக்காலம் வந்தது. எண் ஏழிலேயே நின்றுவிட்டது, ஒரு மாதம் எனக்குக் கிராக்கியே இல்லை. ஒரு நாள் அவள் குரலைத் தாழ்த்தி, "இந்தப் பக்கம் சாவு ஒண்ணும் விழலீங்களா சார்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கேட்டது தான்தானா என்பதுபோல வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது நாளுக்கு நாள் சுலபமாகும் என்று நினைத்திருந்தேன், அப்படி ஆகவில்லை.

அதற்கடுத்த சந்தைக்கு அவள் கூடையில்லாமல் வந்தாள். முட்டையிடுகிற கோழி ஒன்று இருந்ததாம், விற்றுவிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"மிச்சம் அஞ்சையும் என்னையவே எடுத்துருங்க சார். அப்ப ரோலு முடிஞ்சிருமில்ல?"

ஆயுசு குறையும் என்பார்களே அம்மா, உனக்குப் பயமில்லையா என்று கேட்டேன். அந்த இடத்திலும் தப்பிக்க வழி தேடினேன், பாருங்கள். "கொறஞ்சா கொறஞ்சிட்டுப் போவுது" என்றாள்.

ஆபீசுக்குப் பின்னால் சுவரோரம் அவளை நிறுத்தினேன். பிலிமை நகர்த்தாமல் தட்டிவிட்டால் அவள் காசில் ஐந்து படம் எனக்கு மிஞ்சும் என்ற எண்ணம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல விருப்பமில்லை. ஆனால் ஐந்தையும் நிஜமாகவே எடுத்தேன். எடுத்துவிட்டு, ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டதுபோல மனசைத் தேற்றிக்கொண்டேன். அவ்வளவு கேவலமான நிலைமைக்கு வந்திருந்தேன். ஒவ்வொரு முறை தட்டிய பிறகும் அவள் ஓடி வந்து சிவப்புக் கண்ணாடியில் எண் மாறுவதைப் பார்த்துவிட்டு, மறுபடி போய்ச் சுவரோரம் நின்றாள்.

பத்து நாளில் படங்கள் வந்தன. ஐந்திலும் அவள் இருந்தாள், ஐந்திலும் ஒரே பார்வை. அவற்றைக் கொடுத்துவிட்டு, நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். முதல் படத்தில் வெளிச்சம் பட்டுவிட்டது, வெறும் வெள்ளையாகப் போய்விட்டது, மற்றதெல்லாம் நன்றாக வந்திருக்கிறது. கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் தன் படங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வெள்ளையாப் போனா போவட்டும் சார். அந்தப் படத்தக் குடுங்க. புள்ள அதுல இருந்துச்சில்ல?"

அடுத்த வாரம் தருகிறேன் என்று அனுப்பிவிட்டு நேரே ஸ்டுடியோவுக்குப் போனேன். பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படம் பிடிக்காத ஒரு வெற்றுத் தாளைக் கழுவிக் கொடுக்கும்படி கேட்டேன். அவர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார். பிறகு இருட்டறைக்குள் போய், கொஞ்ச நேரம் கழித்து ஈரத் தாளோடு வந்து அதைக் கொடியில் மாட்டினார்.

"இதுக்குக் காசு வேணாம். நான் மறுத்துச் சொல்லியிருக்கணும், சொல்லல. இதுல எனக்கும் பங்கு இருக்கு. இனிமே ரோல் வாங்க இங்க வராதீங்க தம்பி."

அஞ்சலை அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினாள். வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஓரத்தைப் பிடித்து ஒருமுறை திருப்பினாள், மறுபடி திருப்பினாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"எந்தப் பக்கங்க தலை?"

நான் ஒரு பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். அவள் அந்த ஓரத்தில் நகத்தால் லேசாகப் பிறை போல ஓர் அடையாளம் போட்டுக்கொண்டாள்.

கேமராவை அந்த வாரமே வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். கடிகாரத்தின் விலையில் பாதிகூடத் தேறவில்லை. பிறகு வேலை நிரந்தரமானது, மாற்றலாகிப் பல ஊர் சுற்றினேன், பெரம்பலூரில் வீடு கட்டினேன், கல்யாணம், பிள்ளைகள் என்று காலம் போய்விட்டது. என் பிள்ளைகளுக்குச் சிறு வயதில் ஸ்டுடியோவில் எடுத்த படங்கள் ஏராளம். ஒவ்வொன்றையும் ஆல்பத்தில் ஒட்டும்போது ஓர் ஓரத்தில் உறுத்தும். போய்ச் சொல்லிவிடவேண்டும் என்று நினைப்பேன், அடுத்த மாதம் என்று தள்ளிப்போடுவேன். ஓய்வு பெற்ற பிறகுதான் போனேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஊர் இல்லை. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டி, காடு, கூரை வீடுகள், ஓடை எல்லாம் சேர்ந்து ஒரே பள்ளமாகக் கிடந்தது. அடியில் பச்சையாகத் தண்ணீர். கரையில் நின்று பார்த்தால் கீழே லாரி தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. ஓடைக்கரை எந்தப் பக்கம் இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. விசாரித்துக்கொண்டு போனதில், மெயின் ரோட்டில் முருகேசன் ஒரு டீக்கடை வைத்திருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை. படக்காரன் என்றதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். அக்கா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது என்றான். அந்தக் குழந்தைக்குப் பிறகு அவளுக்கு வேறு குழந்தை தங்கவேயில்லையாம். வீட்டைக் காலி செய்யச் சொன்ன நாளில் சாமான்களை அள்ளிப் போட்ட அவசரத்தில் அந்த வெள்ளைத் தாள் எங்கே போனது என்று தெரியவில்லை என்றும், அன்றிலிருந்து அக்கா ஒரு மாதிரி ஆகிவிட்டாள் என்றும் சொன்னான்.

சொல்ல வந்ததை நான் தொண்டை வரைக்கும் கொண்டுவந்திருந்தேன். அதற்குள் அவன் டீயை என் முன்னால் வைத்துவிட்டு ஒன்று கேட்டான்.

"அந்தப் படக்கார சாரு கண்ணாடி வழியா பக்கத்துல பாத்தாரு, அவருக்குத்தான் எம் புள்ள மொகம் நல்லா ஞாபகம் இருக்கும், ஒரு வாட்டி கேக்கணும்னு அக்கா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு சார். எனக்கும் மறந்துபோச்சு. புள்ள எப்படிங்க இருந்திச்சு?"

உருண்டை முகம், அம்மாவின் மூக்கு என்று ஏதோ சொன்னேன். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான், கண்ணைத் துடைத்துக்கொண்டான், டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான்.

மஞ்சள் கவுன் ஞாபகம் இருக்கிறது. வெயில் ஞாபகம் இருக்கிறது. அன்று பெட்டியைக் கண்ணில் வைத்தேனே தவிர, உள்ளே பிலிம் இல்லை என்பதால் நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.